கொல்லிமலையில் கேமரா காத்திருக்கட்டும்!

‘ஒரு நிமிஷம், அப்படியே நில்லுங்க!’

சுற்றுலா கிளம்பும் ஒவ்வொரு குடும்பத்திலும் இப்படிச் சொல்ல ஒருவர் இருப்பார். அந்த ஒரு நிமிஷம் பத்து நிமிஷமாக நீளும். குழந்தை சிணுங்கும், பாட்டிக்குக் கால் கடுக்கும், டிரைவர் ஹாரன் அடிப்பார். வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தால் மலை அழகாக இருக்கும், முகங்கள் கடுகடுவென்று இருக்கும். நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலைக்குப் போகிறவர்கள் இந்தச் சிக்கல் இல்லாமல் படம் எடுக்கச் சில யோசனைகள்.

70 வளைவுகள்

காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டியதும் 70 கொண்டை ஊசி வளைவுகள். கேமரா வேலைகளை அடிவாரத்திலேயே முடித்துவிடுங்கள். லென்ஸைத் துடைப்பது, சார்ஜ் பார்ப்பது, மெமரியில் இடம் ஒதுக்குவது, திரையில் கட்டம் தெரியும் ‘கிரிட்’டைப் போடுவது, எல்லாம் அங்கேயே ஆகட்டும்.

ஜன்னல் சீட் வாந்தி வருபவருக்கு. படம் எடுப்பவருக்கு அல்ல! வளைவில் வண்டியை நிறுத்தவும் சொல்லாதீர்கள். எதிரே வரும் பஸ் திரும்புவதற்கு முழுச் சாலையும் வேண்டும். அகலமான இடம் வரும்வரை கேமரா பையிலேயே இருக்கட்டும்.

பனிமூட்டத்தில்

சீக்குப்பாறை காட்சிமுனையில் மூட்டம் இறங்கினால் எல்லோரும் போனை எடுப்பார்கள். ஆனால் வெள்ளைவெளேரென்ற மூட்டத்தைப் பார்க்கும் கேமரா, வெளிச்சம் அதிகம் என்று நினைத்துப் படத்தை இருட்டாக்கிவிடும். போனில் திரையைத் தொட்டு, சூரியன் குறியைச் சற்று மேலே தள்ளுங்கள். கேமராவில் எக்ஸ்போஷர் அளவை +0.7 அல்லது +1 வையுங்கள். மூட்டம் வெள்ளையாகவே வரும். சிவப்பு, மஞ்சள் உடையில் ஒருவர் நின்றால் படத்துக்கு உயிர் வந்துவிடும்.

இதையெல்லாம் ஒரு மரத்தை வைத்துச் சோதித்து முடித்த பிறகே ஆட்களைக் கூப்பிடுங்கள். குளிரில் நடுங்கியபடி அவர்கள் நிற்க, நீங்கள் மெனுவைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

அருவியில் இரண்டு படம்

ஐயாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து கொட்டும் இடம்தான் ஆகாய கங்கை. அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்குவது சுலபம், ஏறும்போதுதான் மூட்டு பேசும். யார் இறங்குவது, யார் கோயிலில் இருப்பது என்று மேலேயே முடிவுசெய்யுங்கள். தங்குபவருக்குத் துணையாக ஒருவர் இருக்கட்டும். மாசிலா அருவிக்கு இத்தனை படி இறங்க வேண்டியதில்லை; பெரியவர்களோடு அங்கே படம் எடுக்கலாம்.

தண்ணீர் பட்டுத்துணி போல வழிய வேண்டுமானால் ஷட்டர் 1/4 விநாடி, ஐ.எஸ்.ஓ. 100, கேமரா முக்காலியில். ஐபோனில் ‘லைவ் போட்டோ’ எடுத்து ‘லாங் எக்ஸ்போஷர்’ என்று மாற்றலாம். ஆனால், இதே செட்டிங்கில் மனிதர்கள் கலங்கித் தெரிவார்கள். அவர்களுக்கு 1/500 விநாடி வேண்டும். சிரிப்பும் தெறிக்கும் துளியும் அப்படியே நிற்கும். எனவே, முதலில் குடும்பப் படத்தை எடுத்துவிட்டு எல்லோரையும் குளிக்க அனுப்புங்கள். பட்டுத்துணிப் படத்தை அப்புறம் நிதானமாக எடுக்கலாம். யாரும் காத்திருக்க வேண்டாம். குளிக்கும் மற்ற குடும்பத்துப் பெண்கள் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்வது கட்டாயம்.

கொல்லிப்பாவை சிரித்தே ஆளைக் கொல்லும் என்பது பழங்கதை. இப்போது பாசிப் பாறையில் ஏறி, செல்ஃபிக்காக நாமே சிரிக்கிறோம். ஈரப் பாறையில் ‘இன்னும் கொஞ்சம் பின்னாடி போ’ என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

சந்தையில்

சோளக்காடு சந்தையில் பலா, அன்னாசி, வாழை, மிளகு என்று வண்ணத்துக்குக் குறைவில்லை. கூடைக்குப் பின்னால் இருப்பவரிடம் ‘படம் எடுத்துக்கலாமாக்கா?’ என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சம்மதித்தால் எடுத்த படத்தை அவரிடமும் காட்டுங்கள். அந்தச் சிரிப்பை எந்த செட்டிங்கும் தராது.

காணாமல் போனவர்கள்

எல்லா ஆல்பத்திலும் இரண்டு பேர் இருக்கமாட்டார்கள். ஒருவர் படம் எடுத்தவர். இன்னொருவர் பைகளைப் பார்த்துக்கொண்டு, டிபன் டப்பாவைப் பிரித்துக்கொண்டிருந்த அம்மா. கேமராவை ‘ஆட்டோ’வில் வைத்துப் பிள்ளைகளிடம் கொடுங்கள், அல்லது டைமரை 10 விநாடி வைத்து ஓடிவந்து நில்லுங்கள். படியிறங்க முடியாமல் மேலேயே இருந்தவரோடு, திரும்பி வந்ததும் கோயில் வாசலில் ஒரு படம் எடுங்கள். பத்து வருஷம் கழித்து வீடே தேடப்போவது அருவிப் படத்தை அல்ல, அதைத்தான்.

செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் ஒரே அம்பில் வீழ்த்தியவன் என்று அவனைச் சொல்வார்கள். நமக்கு அந்தக் குறி வராது; ஆனால், ஒரு இடத்தில் மூன்று படத்தோடு நிறுத்திக்கொள்ள வரும். மிச்ச நேரத்தில் போனைப் பையில் போட்டுவிட்டு, கூட வந்தவர்களோடு உட்கார்ந்து அன்னாசி சாப்பிடுங்கள்!