ஒரு துறை தேடி...

கயாக் வாங்குவது சுலபம் சார். அதை இறக்க ஒரு இடம் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு!

போனஸ் பணத்தில் வாங்கினேன். துடுப்புப் போட்டு ஓட்டுகிற ஒல்லிப் படகு. நான் வாங்கியது காற்றடிக்கிற ரகம். மடித்தால் பெரிய சூட்கேஸ் அளவு. ஊதினால் பத்தடி. வீட்டு ஹாலில் ஊதிப் பார்த்தேன். டி.வி. ஸ்டாண்டிலிருந்து சமையலறை வாசல் வரை அடைத்துக்கொண்டது.

"இதுல ஏறி எங்கே போகப் போறீங்க, பாத்ரூமுக்கா?" என்றாள் மனைவி.

ரோஷம் வந்துவிட்டது. "மலை ஏரிக்கு!" என்றேன்.

ஒரு மே மாத ஞாயிறு, விடிகாலை நாலு மணிக்கு மதுரையிலிருந்து பைக்கில் கிளம்பினோம். கூட, அக்கவுண்ட்ஸ் செக்ஷன் நண்பன். படகை எடுத்துப் போகவில்லை. இடம் பார்க்க மட்டும்தான் போனோம். பெண் பார்க்கப் போகிறவன் தாலியையா எடுத்துக்கொண்டு போவான்?

படகு இறக்குகிற இடத்துக்கு நம் முன்னோர்கள் 'துறை' என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் தேடியது அந்த ஒரே ஒரு துறையை. கண்ணில் பட்டதோ வனத்துறை, மீன்வளத்துறை, சுற்றுலாத்துறை, நீர்வளத்துறை... மலையில் எந்த ஏரியும் அநாதை கிடையாது என்பது அன்று கற்ற முதல் பாடம்.

முதலில் கொடைக்கானல் ஏரி. இது இயற்கை ஏரியில்லை. மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் என்ற வெள்ளைக்காரர் 1863-ல் ஓடைகளுக்குக் கரை கட்டி உண்டாக்கியது. முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்தார் என்கிறார்கள். மோட்டார் ரோடு இல்லாத காலத்தில், கடற்கரையிலிருந்து 2,100 மீட்டர் உயரத்துக்கு ஒரு படகு! பைக்கில் வந்ததற்கே எனக்கு இடுப்பு கழன்றிருந்தது. ஆனால் அங்கே இப்போது படகுக் குழாம், டிக்கெட், குதிரை, மிளகாய் பஜ்ஜி, ஜனத்திரள் எல்லாம் இருக்கிறது. அத்தனை பேருக்கு நடுவில் என் பலூன் படகை ஊதிக்கொண்டிருக்கக் கூச்சமாக இருந்தது.

அடுத்து நினைத்தது, அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் உள்ள பேரிஜம். அது காப்புக்காட்டுக்குள் இருக்கிறது. வனத்துறை அனுமதியோடுதான் போக முடியும். பெரியகுளத்துக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற ஏரியும் அதுதான். ஒரு ஊரின் தண்ணீர்ப் பானைக்குள் காலை விடுவதா? வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

மன்னவனூர் போனோம். பச்சைப் புல்வெளி, ஆட்டு ஆராய்ச்சி நிலையம், ஏரியில் பரிசல். கண்ணுக்கு விருந்துதான். ஆனாலும் 'நம்ம ஏரி' என்று ஒன்று வேண்டும் என்ற ஆசை விடவில்லை. இன்னும் உள்ளே போனோம். அங்கே ஒரு சின்ன ஏரி... பெயர் எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த சனிக்கிழமையே நீங்கள் பைக்கை உதைத்துவிடுவீர்கள்!

செல்போன் வரைபடத்தில் ஏரித் தண்ணீர் ரோட்டைத் தொட்டுக்கொண்டு நீலமாக இருந்தது. அது ஏரி நிறைந்திருந்தபோது எடுத்த படம். நேரில் பார்த்தால் தண்ணீர் முந்நூறு அடி தள்ளி உள்வாங்கிக் கிடக்கிறது. நடுவில் வெந்த அடை மாதிரி வெடித்துக் காய்ந்த தரை. "சிமென்ட் தரை மாதிரி இருக்குடா!" என்று நண்பன் முன்னால் நடந்தான்.

பத்தாவது அடியில் முழங்கால் வரை உள்ளே போனான். காலை இழுத்துப் பார்த்தான். தொடை வரை போனான்.

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"டேய்... பாலிசி பேப்பர் பீரோவுல மேல் தட்டுல இருக்கு. அவளுக்குத் தெரியாது" என்றான், ஏதோ வவுச்சர் இருக்கிற இடம் சொல்வதுபோல. அவனுக்கு நாலு மாசக் கைக்குழந்தை. 'வாடா, ஜாலியாப் போய்ட்டு வரலாம்' என்று கூட்டிவந்தவன் நான்.

பாய்ந்து போய்க் கையைப் பிடிக்க ஓடினேன்.

"யோவ், நில்லுய்யா! நீயும் உள்ள போகவா?"

குரல் வந்த பக்கம் ஒரு பெரியவர், ரெண்டு மாடுகளோடு. ஓடிவந்து என் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினார். பிறகு அவனைப் பார்த்து, "தம்பி, காலை ஆட்டாத. நாற்காலில சாயுற மாதிரி அப்படியே மல்லாக்கச் சாஞ்சு படு" என்றார். படுத்தான். ஒரு நீளக் கொம்பை அவன் பக்கம் தள்ளி, மாட்டுக் கயிற்றையும் வீசினார். அவன் ஒவ்வொரு காலாக மெள்ள மெள்ள உருவ, நாங்கள் இழுக்க... அரைமணி நேரம் ஆயிற்று. ஷூ ரெண்டும் இன்னமும் அந்த ஏரிக்குள்தான் இருக்கின்றன.

"மேல காஞ்சிருக்கும் தம்பி, உள்ள கூழாக் கெடக்கும். மாடு எறங்குற எடத்துல மனுசன் எறங்கணும்" என்றார் பெரியவர். அவர் கை காட்டிய இடம் இருநூறு அடி தள்ளி இருந்தது. சரளைக்கல் கலந்த சரிவு. குளம்புத் தடங்கள் ஒரு விரல் ஆழம்கூட இல்லை. எத்தனை தலைமுறை மாடுகள் பார்த்து வைத்த துறையோ!

அன்றிலிருந்து எந்த ஏரிக்குப் போனாலும் தண்ணீரை அப்புறம்தான் பார்க்கிறேன். முதலில் கரை. கையில் ஒரு கம்பு. குத்திப் பார்க்காமல் காலை வைப்பதில்லை. மதியத்துக்கு மேல் மலையில் காற்று கிளம்பிவிடும் என்பதால், காலையிலேயே முடித்துக்கொள்கிறேன். போகும்போது எதிர்காற்று, களைத்துத் திரும்பும்போது முதுகுக் காற்று. அப்படி அமைகிற கரைதான் நல்ல கரை. மலைத் தண்ணீரின் குளிரில் விழுந்தால் முதல் நிமிஷம் மூச்சு திணறும், நீச்சல் தெரிந்தவனுக்கும்தான். அதனால் லைஃப் ஜாக்கெட் மாட்டாமல் படகைத் தொடுவதே இல்லை.

மழைக்காலம் முடிந்து, ஜனவரியில், ஊர்க்காரர்களிடம் கேட்டு முறையாக அனுமதி வாங்கிக்கொண்டு அந்த ஏரிக்கே போனோம். மாடு இறங்குகிற வழியில் கயாக்கை இறக்கினேன். பெரியவர் பக்கத்தில் நின்றார்.

"மீன் பிடிக்கவா?"

"இல்லீங்கய்யா."

"அக்கரையில சோலி இருக்கா?"

"இல்லீங்க. சும்மா போயிட்டுத் திரும்பி வருவேன்."

அவர் என்னையும் மாட்டையும் மாறி மாறிப் பார்த்தார். மாட்டின்மேல் அவருக்கு இருந்த மரியாதை கூடிவிட்டது என்று நினைக்கிறேன்.

நண்பன் கரையிலேயே உட்கார்ந்திருந்தான். பாலிசி விவரம் முழுவதையும் அன்று இரவே மனைவியிடம் சொல்லிவிட்டானாம். அக்கவுண்ட்ஸ்காரன் அல்லவா!

முன்பெல்லாம் லீவு லெட்டரில் 'குடும்ப விசேஷம்' என்று புளுகுவேன். இப்போது பொய் எழுதுவதில்லை. போன மாதம் 'துறை சார்ந்த கள ஆய்வு' என்று எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி கையெழுத்துப் போட்டு, ஓரத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்:

'பயணப்படி கிடையாது!'