ஆடும் சீட்டு, கட்டும் சீட்டு

தமிழில் ஆடுவதும் சீட்டுத்தான், கட்டுவதும் சீட்டுத்தான். என் அம்மா குரோம்பேட்டையில் இருபது பெண்களைச் சேர்த்துச் சீட்டு நடத்தினார். யாருக்கு இந்த மாதம் பணம் அவசரம், யார் தவணையை இழுத்தடிப்பார் என்பதை முகம் பார்த்தே கணிப்பார். அதை யாரும் திறமை என்று சொன்னதில்லை. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறமை விளையாட்டுகள் என்றபோது அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

போக்கரைப் பிழைப்பாகக் கொண்டவர்கள் சொல்லும் முதல் விதி, ஆட்டப் பணத்தை வீட்டுப் பணத்தோடு கலக்காதே என்பது. கையிருப்பில் சிறு பங்கை மட்டும் வை. தோற்ற ஆத்திரத்தில் தொடராதே. நல்ல ஆட்டக்காரரும் மாதக்கணக்கில் தோற்பார், சோர்ந்துவிடாதே. சரி. அந்த மாதங்களில் உலை வைப்பது யார்? அதற்கு விதி இல்லை.

சேலையூரிலிருந்து வரும் என் மாணவி ஒருத்தி தேர்வுக் கட்டணம் கட்டாமல் நின்றாள். அம்மா எடுத்த சீட்டுப் பணம் அப்பாவின் கைபேசி ரம்மியில் போயிருந்தது. அந்த வீட்டில் ஆட்டப் பணம் என்று தனியாக ஒன்று இருந்ததே இல்லை. இருந்தது அவள் அம்மாவின் பணம்.

பாஞ்சாலி சபையில் கேட்டதும் இதைத்தான்: தன்னையே தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை?

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. ஆட்டம் போனது, வீட்டுப் பணத்தில் யார் கை வைக்கலாம் என்ற கேள்வி போகவில்லை. அந்த அம்மா இப்போது அஞ்சலகத்தில் தன் பெயரில் கணக்கு வைத்திருக்கிறார். பாஸ்புக் மகளின் புத்தகப் பையில் இருக்கிறது.