சம்பூரில் தலை பின்னிவிடும் தகப்பன்மார்

திருகோணமலையிலிருந்து மூதூருக்கு முன்பெல்லாம் படகில்தான் போவோம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின் தரைவழிப் பயணம் இலகுவாகிவிட்டது. மூதூரிலிருந்து கட்டைபறிச்சான் தாண்டினால் சம்பூர். வயல், குளம், மாட்டுப்பட்டி, பத்திரகாளி அம்மன் கோயில் என்று பழைய அடையாளங்கள் மீண்டும் தெரிகின்றன.

2006இல் ஷெல் வீச்சுக்கும் விமானக் குண்டுக்கும் அஞ்சி ஊரே வெளியேறியது. 2007இல் அது உயர் பாதுகாப்பு வலயமானது. பின்னர் அனல்மின் நிலையம், கைத்தொழில் வலயம் என்றார்கள். 2015இலும் 2016இலும்தான் காணிகள் திரும்பக் கிடைத்தன. அதுவரை கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை முகாம்களே வீடு. வயலையும் மாட்டையும் இழந்த ஆண்களுக்கு நிரந்தரத் தொழில் இல்லை. பெண்களுக்கோ வளைகுடா நாடுகளில் பணிப்பெண் வேலை இருந்தது. காணி கிடைத்த பின்னும் வீடு கட்டவும் கடன் அடைக்கவும் தாய்மார் போகிறார்கள்.

நான் போன ஒரு வீட்டில் தகப்பன் மகளுக்கு இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தார். குவைத்தில் தாயின் வேலை முடியும்போது இங்கே நடுச்சாமம். அதனால் அவர் வட்ஸ்அப்பில் குரலைப் பதிவுசெய்து அனுப்புகிறார். பிள்ளைகள் காலையில் கேட்கிறார்கள். “தலைக்கு எண்ணெய் வைச்சீங்களா? புத்தகமெல்லாம் எடுத்திட்டீங்களா?”

“முதல்ல ஆக்கள் சிரிச்சாங்க மிஸ். சிரிக்கிறவங்களா வந்து பிள்ளைக்குப் பின்னிவிடப் போறாங்க?” என்றார் தகப்பன்.

எல்லா வீடும் இப்படியில்லை. பல வீடுகளில் அம்மம்மாதான் சமைக்கிறார். சில வீடுகளில் மூத்த மகள் தம்பி, தங்கையைப் பார்ப்பதற்காகப் பள்ளிக்கூடம் போகாமல் நிற்கிறாள். தாய் உழைப்பவளாகிவிட்டாள். வீட்டு வேலை மட்டும் இன்னொரு பெண்ணின் தலையில் ஏறியிருக்கிறது.

சட்டமும் இதற்குத் துணைபோகிறது. அயலூரான மூதூரிலிருந்து வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டுடன் சவூதிக்குப் போன ரிசானா நபீக்குக்கு 2013 ஜனவரியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதே ஆண்டு குடும்பப் பின்னணி அறிக்கை நடைமுறைக்கு வந்தது. 5 வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் பணிப்பெண்ணாகப் போக முடியாது என்றானது. 2022இல் அந்த வயது 2 ஆகக் குறைக்கப்பட்டது. பிள்ளையை யார் பார்ப்பார் என்று தாயிடம் கேட்கிறார்கள். வெளிநாடு போகும் தகப்பனிடம் இந்தக் கேள்வி கேட்கப்படுவதில்லை. தடைக்குப் பயந்து பதிவில்லாமல் போகும் பெண்ணுக்கு அங்கே ஆபத்து வந்தால் உதவி கிடைப்பதும் கடினம்.

சகோதரிகளே, போகத் தீர்மானித்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துகொண்டு போங்கள். உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு வைத்திருங்கள். போவதற்கு முன் சமையல், பாடம், மருந்து, பெரிய பிள்ளையின் மாதவிடாய் நாட்கள் எல்லாவற்றையும் கணவரோடு பேசிப் பொறுப்பைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஊரில் இருக்கும் நாமும், பிள்ளை வளர்க்கும் ஆணைப் பார்த்து “பொம்பிளை வேலை செய்கிறான்” என்று சிரிப்பதை நிறுத்துவோம். அந்தச் சிரிப்புக்குப் பயந்து ஒரு தகப்பன் ஒதுங்கினால், ஒரு மகளின் படிப்பு நின்றுபோகும்.