நடுவர் ஏன் வாய் திறக்கவில்லை?



பள்ளி விடுமுறையில் ஒரு மாலை. தேக்காவில் காய்கறி வாங்கிய கையோடு, மகனின் வற்புறுத்தலால் ஜாலான் புசார் விளையாட்டரங்கத்திற்கு நடந்தோம். காற்பந்தில் எனக்கு அறிவு குறைவு. முருங்கைக்காய்ப் பையை மடியில் வைத்து அமர்ந்திருந்தேன். திடீரென நடுவர் ஊதலை ஊதி, பெனால்ட்டிப் புள்ளியை நோக்கிக் கை நீட்டினார். அவ்வளவுதான். யார் தவறு, என்ன தவறு? ஒரு சொல் இல்லை. "ரெஃப்ரி காயு!" என்று அர்ச்சனை தொடங்கியது. (காயு என்றால் மலாயில் மரக்கட்டை!)

"இப்போது உலகக் கிண்ணத்தில் நடுவரே பேசுகிறார் அம்மா" என்றான் மகன். 2023 மகளிர் உலகக் கிண்ணத்தின் தொடக்க ஆட்டம். ஆக்லாந்தில் நியூசிலாந்தும் நார்வேயும் மோதின. ஜப்பானிய நடுவர் யோஷிமி யமாஷிட்டா காணொளியைப் பார்த்துவிட்டு, பந்து கையில் பட்டதால் பெனால்ட்டி என்று ஒலிவாங்கியில் அரங்கம் முழுமைக்கும் அறிவித்தாராம். உதைத்த பந்து குறுக்குக்கம்பத்தில் பட்டது வேறு கதை. 1974இல் மேற்கு ஜெர்மனியில் போலந்து, ஹைட்டி ஆட்டத்தை நடத்திய நம் சிங்கப்பூர் நடுவர் சுப்பையாவுக்கு ஊதலும் கையும் அட்டையுமே மொழி. அந்த மஞ்சள், சிவப்பு அட்டைகளைச் சிந்தித்த கென் ஆஸ்டன் ஒரு தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர் என்று பின்னர் படித்தபோது, சற்றே பெருமிதம் கொண்டேன். 1966இல் ஜெர்மானிய நடுவர் வெளியேற்றியதை அர்ஜென்டினா அணித்தலைவர் மொழி புரியாமல் ஏற்க மறுத்த குழப்பமே அதற்கு வித்து. சாலை விளக்குகள் வழிகாட்டின. 1970 மெக்சிகோ உலகக் கிண்ணத்தில் அட்டைகள் வந்தன.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. காரணம் காற்பந்து அன்று.

சென்ற பருவத்தில், தொடக்கநிலை நான்கில் இரு மாணவர்களின் கட்டுரைகள் ஒரே வாக்கியங்களில் தொடங்கின. ஒருவன் பார்த்து எழுதிவிட்டான் என்று வகுப்பின் முன் நிறுத்திச் சொன்னேன், மதிப்பெண்ணையும் குறைத்தேன். இருவரும் ஒரே துணைப்பாட வகுப்பில் அத்தொடக்கத்தை மனனம் செய்தவர்கள் எனப் பின்னரே அறிந்தேன். அவனைத் தனியே நடைவழிக்கு அழைத்து வருத்தம் தெரிவித்தேன், மதிப்பெண்ணையும் திருத்தினேன். அவன் தரையைப் பார்த்தபடி கேட்டான்: "வகுப்பிலும் சொல்வீர்களா, ஆசிரியர்?"

"பார்க்கலாம்" என்றேன். பருவம் முடிந்தது. நான் சொல்லவே இல்லை.

பள்ளி திறந்த முதல் நாள், வருகைப்பதிவு முடிந்ததும் எழுந்து நின்றேன். அவன் பெயரைச் சொல்லி, அன்று தவறிழைத்தது நான்தான் என்றேன். முப்பது பிள்ளைகளும் அவனைத் திரும்பிப் பார்த்தனர். அவன் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தான். கூர் வந்த பிறகும் நிறுத்தவில்லை.