ரிசர்ச் முடிஞ்சா எல்லாருக்கும் கிடைச்சுடுமா?

1/ போன ஞாயிறு தி.நகர்ல அக்கா வீடு. பத்தாவது படிக்கிற அக்கா பையன், "மாமா, நம்மாளுங்க கேம்ல வந்திருக்காங்க பாருங்க"ன்னு லேப்டாப்பைத் திருப்பினான். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. 1999ல வந்த கேம். 2022ல வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா தொகுப்புல திராவிடர்களைச் சேர்த்திருக்காங்க.

2/ அவங்களுக்கு மட்டுமே உரிய தொழில்நுட்பம் ரெண்டு. ஒன்று ஊட்ஸ் ஸ்டீல், நம்ம ஊர் உருக்கு. அதை ஆராய்ஞ்சுட்டா எதிரியோட கவசம் வேலைக்கு ஆகாது. இன்னொன்று மெடிக்கல் கார்ப்ஸ். யானைப்படையின் காயம் தானா ஆறும். டாக்டர் கண்ணுக்கு ரெண்டாவதுதான் பட்டது.

3/ எப்படி நடக்குது? பட்டனை அமுக்கி விலையைக் கட்டணும். கோடு நிறையும். நிறைஞ்ச நொடியே மேப்ல இருக்கிற அத்தனை யானைக்கும் வைத்தியம் வந்தாச்சு. லூம்னு ஒண்ணு இருக்கு: 50 தங்கம், 25 செகண்ட், எல்லா கிராமவாசிக்கும் உயிர் கூடும்.

4/ ஒண்ணைக் கற்றால்தான் அடுத்தது என்ற டெக் ட்ரீயைப் பிரபலமாக்கியது 1991ல வந்த சிவிலைசேஷன். எழுத்து வேணும்னா முதலில் அகரவரிசை. இந்த வரிசை மருத்துவத்துக்கும் பொருந்தும். மைக்ராஸ்கோப் இல்லாம கிருமி தெரிஞ்சிருக்காது.

5/ இதுல இருக்கிற குறை கேம் செய்யறவங்களுக்கும் தெரியும். 2016ல வந்த சிவிலைசேஷன் 6ல 'யுரேகா' வச்சாங்க. கடலோரம் ஊர் அமைச்சா கப்பலோட்டும் ஆராய்ச்சி சீக்கிரம் முடியும். வாழ்க்கைதான் அறிவைத் தள்ளுதுங்கிற யோசனை. அருமை!

6/ ஆனா இந்த கேம்கள் ஒரே இடத்துல நிக்குது. கோடு நிறைஞ்சா எல்லாருக்கும் கிடைச்சாச்சு. நிஜத்துல பாதி ஆராய்ச்சி அதுக்கு அப்புறம்தான். சாட்சி, நம்ம சேத்துப்பட்டு.

7/ காசநோய்க்கு 1943ல ஸ்ட்ரெப்டோமைசின், 1952ல ஐசோநயாசிட் வந்தாச்சு. கேம் கணக்குல கதை முடிஞ்சது. ஆனா நோயாளியை மாசக்கணக்குல சானடோரியத்துல படுக்க வைக்கணும்னு நம்பின காலம் அது. மெட்ராஸ்ல நோயாளிகள் ஏராளம், படுக்கை கொஞ்சம்.

8/ 1956ல சேத்துப்பட்டுல காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்குச்சு (இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்). 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில பிரிச்சு, பாதிப் பேருக்கு சானடோரியம், பாதிப் பேருக்கு வீடு. ரெண்டு பக்கமும் அதே மருந்து, ஒரு வருஷம். வீட்டுல இருந்தவங்களுக்கு நெரிசல், சுமாரான சாப்பாடு, ஓய்வும் குறைவு.

9/ 1959ல முடிவு வந்தது. வீட்டிலேயே கிட்டத்தட்ட அதே அளவு குணம். குடும்பத்துக்குத் தொற்று கூடவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கவனிங்க, புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கல. இருந்த மருந்து மனுஷன்கிட்ட எப்படிப் போய்ச் சேரும்னு கண்டுபிடிச்சாங்க. கேம்ல இதுக்கு ஒரு பட்டன்கூட கிடையாது.

10/ உடனே அடுத்த சிக்கல். வீட்டுல மாத்திரையை முழுங்கினாரான்னு யார் பாக்கிறது? அதே மையம் 1964ல, வாரம் ரெண்டு முறை நேர்ல வரவழைச்சு மருந்து கொடுக்கிற முறையைச் சோதிச்சுக் காட்டுச்சு. கண் முன்னால மருந்து கொடுக்கிற டாட்ஸ் திட்டத்துக்கு இங்கேயும் ஒரு வேர் இருக்கு.

11/ இதெல்லாம் படிச்ச எனக்கே ஒரு தடவை அடி விழுந்தது. மயிலாப்பூர்ல இருந்து வந்த கட்டடத் தொழிலாளி. "ஆறு மாசம் சாப்பிடணும்"னு சொல்லி அனுப்பினேன். ரெண்டு மாசத்துல இருமல் நின்னுது, மாத்திரையும் நின்னுது. ஒவ்வொரு தடவை வரவும் ஒரு நாள் கூலி போகும்னு நான் கேட்டுக்கவே இல்லை. திரும்பி வந்தப்ப ரிஃபாம்பிசின் வேலை செய்யல. "நல்லாயிட்டேன்னு நெனச்சேன் சார்"னார். தப்பு பாதி என்னுது.

12/ கேம் செய்யறவங்ககிட்ட ரெண்டு கேட்பேன். ஆராய்ச்சி முடிஞ்சதும் ஊருக்கு ஊர் தனிக் கோடு வைங்க. பாதியில விட்டா, கத்துக்கிட்ட தொழில்நுட்பமே அணைஞ்சு போகட்டும்.

மருமகன்கிட்ட சொன்னேன். "போர் அடிக்கும் மாமா, யாரும் வாங்க மாட்டாங்க"ன்னான். இருக்கலாம்.

13/ உங்க வீட்டுல யாராவது காசநோய் மாத்திரை சாப்பிட்டா, உடம்பு தேறிடுச்சுன்னு நிறுத்த விடாதீங்க. அரசு மருத்துவமனையில மருந்து இலவசம். டாக்டர் 'போதும்'னு சொல்ற வரைக்கும் அந்தக் கோடு நிறையல.