கல்லில் நிற்கும் இரண்டு உரைகள்

அமெரிக்கத் தலைநகராம் வாஷிங்டனில், பொட்டோமாக் ஆற்றுக்கு அருகே, கிரேக்கக் கோவிலை ஒத்த வெண்பளிங்கு மண்டபம் ஒன்று எழுந்து நிற்கிறது. சுற்றிலும் 36 தூண்கள். உள்ளே 19 அடி உயரத்தில், அமர்ந்த கோலத்தில் ஆபிரகாம் லிங்கனின் சிலை. காண வருவோரின் கண்கள் முதலில் சிலையின்மீதே படிகின்றன. ஆயினும் அம்மண்டபத்தின் உயிர், இருபுறச் சுவர்களிலும் செதுக்கப்பெற்றுள்ள இரண்டு உரைகளில் இருக்கிறது.

தெற்குச் சுவரில் இருப்பது கெட்டிஸ்பர்க் உரை. அடிமை முறையை விட மறுத்த தென்மாநிலங்கள் பிரிந்து சென்றதால் மூண்ட உள்நாட்டுப் போரில், 1863 ஜூலை மாதத்தின் முதல் மூன்று நாள்களில், அவ்வூரில் ஏறத்தாழ 50,000 வீரர் மாண்டும் காயமுற்றும் காணாமலும் போயினர். நவம்பர் 19-ஆம் நாள் அங்குக் கல்லறைத் தோட்டத்தை அர்ப்பணித்த விழாவில், எட்வர்டு எவரெட் என்னும் நாவலர் இரண்டு மணி நேரம் முழங்கினார். அடுத்து எழுந்த லிங்கன் பேசியவை முந்நூறு சொற்களுக்கும் குறைவே.

அச்சிற்றுரை செய்த செயல் பெரிது. 1787-இல் வரையப்பெற்ற அரசியல் சட்டம் அடிமை முறைக்கு இடம் கொடுத்திருந்தது. லிங்கனோ 87 ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று, மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டோர் எனச் சாற்றிய 1776-ஆம் ஆண்டுச் சுதந்திரப் பிரகடனத்திலேயே தம் நாட்டின் பிறப்பைக் கண்டார். அப்பிரகடனத்தின் வாசகம், நாடு நிறைவேற்றித் தீரவேண்டிய வாக்குறுதியாக மக்கள் உள்ளத்தில் பதியலாயிற்று.

வடக்குச் சுவரில் இருப்பது, 1865 மார்ச் 4-ஆம் நாள் இரண்டாம் முறை பதவியேற்றபோது அவர் ஆற்றிய உரை. போர் முடியும் தறுவாயில் இருந்தது. ஆயினும் அதில் வெற்றி முழக்கம் இல்லை. இரு தரப்பாரும் ஒரே விவிலியத்தை வாசித்து ஒரே இறைவனை வேண்டினர் என்றும், அடிமை முறைக்காக வடக்கு, தெற்கு இரண்டையுமே இறைவன் தண்டித்திருக்கலாம் என்றும் கூறினார். பகைமை பாராட்டாது நாட்டின் காயங்களைக் கட்டுவோம் என்று முடித்தார். ஆறே வாரங்களில் கொலையுண்டு மடிந்தார்.

அந்தச் சுவரில், எதிர்காலம் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தைச் செதுக்கியவர் பிழையாகச் செதுக்கிவிட்டார். மிகையான கோட்டை அடைத்துத் திருத்தினர்; தழும்பு இன்றும் தெரிகிறது.

நாட்டின் பிழையோ அத்துணை எளிதில் திருந்தவில்லை. 1922 மே 30-ஆம் நாள் இம்மண்டபம் அர்ப்பணிக்கப்பெற்றபோதே, கறுப்பின மக்கள் தனியே ஒதுக்கி அமர்த்தப்பட்டனர். 1939-இல், நிறத்தின் பொருட்டு அரங்கம் மறுக்கப்பட்ட பாடகி மரியன் ஆண்டர்சன், உயிர்ப்பு ஞாயிறன்று இப்படிகளில் நின்று 75,000 மக்கள் முன் பாடினார். 1963 ஜூன் 11-ஆம் நாள் ஜனாதிபதி கென்னடி, இன உரிமை என்பது விவிலியத்தைப் போன்றே தொன்மையான அறநெறிப் பிரச்சினை என்று தொலைக்காட்சியில் நாட்டுக்கு உரைத்தார். ஆகஸ்டு 28-ஆம் நாள், சுமார் இரண்டரை இலட்சம் மக்கள் கூடி நிற்க, மார்ட்டின் லூதர் கிங் இதே படிகளில் நின்று, லிங்கனின் நடையிலேயே ஆண்டுகளை எண்ணித் தம் உரையைத் தொடங்கினார். நாடு எழுதிக்கொடுத்த கடன் பத்திரம் கறுப்பின மக்களுக்கு இன்னும் செலுத்தப்படவில்லை என்றார். 1964-இல் குடிமை உரிமைகள் சட்டமும், 1965-இல் வாக்குரிமைச் சட்டமும் நிறைவேறின.

அன்பர்களே, ஆள்வோர் நல்லுரை ஆற்றுவதால் மட்டும் ஒரு நாடு நல்ல நாடாகிவிடாது. ஆயினும் நேர்மையோடு உரைத்த சொல், நீதி மறுக்கப்பட்டவர் கையில் ஓர் அளவுகோலாக அமைகிறது. அதைக் கொண்டு அவர்கள் ஆள்வோரையே அளந்து பார்க்கின்றனர்.