உறங்கும் தொட்டிகள்

மார்ச் மாதம் எங்கள் மாடிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது இதுதான்: "என்னக்கா, பாதித் தொட்டி சும்மா கிடக்கு?" சும்மா இல்லை. ஒன்றில் செங்காந்தள், இன்னொன்றில் ஃபுட்பால் லில்லி, சுவரோரம் வரிசையாக மழை லில்லி. மண்ணுக்கு மேலே ஒன்றும் தெரியாது, அவ்வளவுதான். கிழங்குச் செடி வளர்ப்பதில் நான் பெரிதாக நினைப்பது இந்த மாதங்களைத்தான். தண்ணீர் ஊற்ற எல்லோருக்கும் தெரியும். நிறுத்த மனசு வராது. உறக்கத்தில் இருக்கும் கிழங்குக்குத் தினமும் தண்ணீர் விட்டால் அது முளைக்காது, அழுகிப்போகும்.

ஊட்டி போய்த் திரும்பும்போதும் இணையத்தில் படம் பார்த்தும் டூலிப் கிழங்கு வாங்கிவிட்டு என்னிடம் யோசனை கேட்பவர்கள் உண்டு. டூலிப் குளிரில் உறங்கி எழும் செடி. மூன்று மாதமாவது நல்ல குளிர் பட்டால்தான் அதன் பூத்தண்டு சரியாக நீளும். மதுரையில் அதற்கு ஃபிரிட்ஜில்தான் இடம் தேடவேண்டும். பூத்தாலும் அந்த ஒரு முறையோடு சரி. நம் சமவெளிக்கு ஏற்றவை வறட்சியில் உறங்கி மழையில் எழுகிறவை. அவற்றுக்கு நம் கோடை தண்டனை இல்லை, தேவை.

மழை லில்லியை இதற்கு நல்ல சாட்சியாகச் சொல்வேன். அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்த செடி. சின்ன வெங்காயம் அளவுதான் கிழங்கு. வாரக்கணக்கில் காய்ந்த மண் ஒரு கோடை மழையில் நன்றாக நனைந்ததும், சில நாட்களில் தொட்டி முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளிக்கிற வீடுகளில் இதே செடி இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும். 'எங்க வீட்டுல பூக்கவே மாட்டேங்குது' என்பார்கள். காயவிட்டு, பிறகு ஒரேயடியாக நனைக்கச் சொல்வேன்.

சம்பங்கி கொஞ்சம் வேறு மாதிரி. தண்ணீர் கிடைக்கும்வரை ஆண்டு முழுக்கப் பச்சையாகவே இருக்கும். நிலக்கோட்டைப் பூச்சந்தையில் குவியும் சம்பங்கியைப் பார்த்தவர்களுக்கு இதன் பூர்வீகம் மெக்சிகோ என்றால் நம்பச் சிரமமாக இருக்கும்; நம் மாலைகளில் அவ்வளவு கலந்துவிட்டது. ரயில் தண்டவாளத்தோரம் நிற்கும் ரயில் கற்றாழைக்கு இது நெருங்கிய சொந்தம் என்பது எனக்கு இன்றைக்கும் வியப்புதான். தண்டில் மொட்டுகள் கீழிருந்து மேலாக அவிழும். பகலில் அடக்கமாக இருக்கும் மணம் பொழுது சாய்ந்ததும் எழும். இரவில் வரும் விட்டில்களைக் கூப்பிடுகிற மணம் அது. வேலை முடிந்து மாடிக்கு வருகிறவர்களுக்கு இதைவிட ஏற்ற பூ கிடையாது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநிலப் பூ. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் முதலாவதும் இதுதான். இவ்வளவு பெருமை உள்ள பூவை வீட்டில் வைத்திருப்பவர்கள் குறைவு. மூலனூர்ப் பக்கம் விதைக்காகவே இதை வயலில் பயிரிடுகிறார்கள், கண்வலிக்கிழங்கு என்ற பெயரில். விதையிலும் கிழங்கிலும் கோல்சிசின் இருக்கிறது. மூட்டுவாத மருந்துக்கு ஆகும் அதுவே கொடிய நஞ்சும். கிழங்கு தின்றால் உயிர் போகும். சின்னக் குழந்தைகள், நாய், பூனை இருக்கிற வீட்டில் இதை வைக்கவே வேண்டாம் என்றுதான் சொல்வேன். தொடும்போது கையுறை போட்டுக்கொள்கிறேன்.

கிழங்கு இரு கவையாக வளைந்திருக்கும். முளை அந்தக் கவைகளின் நுனியில்தான். நுனி ஒடிந்தால் மீதி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயனில்லை. அதனால் ஆடியில் நடும்போது படுக்கைவாட்டில் வைத்து, நான்கு விரல் ஆழத்தில், மண்ணை அழுத்தாமல் மூடவேண்டும். கொடி எழுந்ததும் இலையைப் பாருங்கள்: நுனி நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாகிக் கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளும். பூ தலைகீழாகத் தொங்கும். ஆறு இதழும் மேல்நோக்கி வளைந்து நிற்கும். முதல் நாள் இதழ் பச்சை, பிறகு மஞ்சள், ஓரம் சிவந்து, கடைசியில் முழுச் சிவப்பு. சூல்தண்டு மகரந்தத்தை விட்டு விலகிப் பக்கவாட்டில் மடங்கியிருக்கும். மூலனூர் விவசாயிகள் காலையில் கையாலேயே மகரந்தம் சேர்ப்பது இதனால்தான். ஒரே கொடியில் எல்லா நிறத்துப் பூவும் ஒன்றாக இருக்கும் ஐப்பசிக் காலை எனக்குப் பண்டிகை.

ஒரு எதிரி உண்டு. கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்பும் புள்ளியிட்ட புழு. விட்டுவிட்டால் இலைகளை மொட்டையடித்துவிடும். மருந்து வேண்டாம், காலையும் மாலையும் கையுறையோடு பொறுக்கினால் போதும்.

ஃபுட்பால் லில்லி ஆப்பிரிக்கச் செடி. வருடத்துக்கு ஒருமுறை, கோடை மழைக்குப் பிறகு, ஒரு சிவப்புப் பந்து. நெருங்கிப் பார்த்தால் நூற்றைத் தாண்டும் சிறு பூக்கள்.

மண்ணுக்குச் செம்மண், மணல், மட்கிய தொழுவுரம், ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. தேங்காய் நார்க் கழிவை நான் குறைவாகவே சேர்க்கிறேன்; கிழங்கு உறங்கும் காலத்தில் அது ஈரத்தை விடாமல் பிடித்துவைத்திருக்கும். பூ முடிந்ததும் இலையை வெட்டாதீர்கள். அடுத்த வருடத்துப் பூவுக்கான சாப்பாட்டை அந்த இலைதான் கிழங்குக்கு இறக்குகிறது. தானாகப் பழுத்து விழட்டும்.

சம்பங்கியில் ஒருமுறை பூத்த கிழங்கு மறுபடி பூக்காது, பக்கத்தில் விட்ட குட்டிகள்தான் பூக்கும். அதனால் மூன்றாம் ஆண்டு தூரைப் பிரித்தே ஆகவேண்டும். பிரித்ததை ஒரு மாதம் நிழலில் உலர்த்திவைத்துவிட்டுத் தெருவில் கேட்கிறவர்களுக்குக் கொடுக்கிறேன். 2.5 செ.மீ. பருமனுக்குக் குறைந்ததை யாருக்கும் கொடுப்பதில்லை. பொடிக் கிழங்கு பூக்க நாளாகும்; அதற்குள் புதிதாக வளர்க்கிறவர்கள் பொறுமையிழந்து அந்தத் தொட்டியில் தக்காளி வைத்துவிடுவார்கள்.